பாட்டியின் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பிள்ளைகளுக்கு

அடக்க ஆராதனையிலோ முதலாண்டு நினைவு ஜெபத்திலோ வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு, பெரும்பாலும் பேரன் பேத்திகளில் ஒருவர் தலையில்தான் வந்து விழுகிறது. துக்க வீட்டில் உட்கார்ந்து, ஆளாளுக்கு ஒன்று சொல்ல, அவசர அவசரமாக ஒரு பக்கம் எழுதி என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறீர்கள். உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றினால் அது யாருடைய பாட்டிக்கும் பொருந்திவிடுகிறது. தொண்ணூறு வருஷம் வாழ்ந்த ஒரு மனுஷிக்கு இப்படி நேரக்கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு நம் சபைப் பாட்டிமார் யாரையும் எடுக்கவில்லை. ஒரு குடும்பத்தை ஊரறியப் பேசியதாக ஆகிவிடும். உலகறிந்த ஒரு பாப்டிஸ்ட் பாட்டியை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊரில் 1927 ஆகஸ்ட் 18-இல் பிறந்து, 2023 நவம்பர் 19-இல் அதே ஊரில் கண்மூடிய ரோசலின் கார்ட்டர். ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரின் மனைவி. 96 வருஷ வாழ்க்கையில் வெள்ளை மாளிகையில் இருந்தது நாலே வருஷம். மற்றதெல்லாம் வீடு, கடை, சபை, பிள்ளைகள். அவர் வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறோமோ அப்படித்தான் உங்கள் ஆச்சியின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும்.

1. பட்டங்களைத் தள்ளி வையுங்கள். 'ஜெபவீராங்கனை', 'குடும்ப விளக்கு', 'அன்பின் சிகரம்' என்று எழுதியதும் பேனா நின்றுவிடும். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்காது. பக்தியானவர் என்றால் அந்தப் பக்தி எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த வேலையாக வெளிப்பட்டது என்று எழுதுங்கள். ரோசலினும் ஜிம்மியும் இரவு படுக்கப்போகும் முன் வேதாகமத்தில் ஒரு பகுதியை மாற்றி மாற்றி உரக்க வாசிப்பார்கள். ஸ்பானிய மொழி மறந்துபோகக் கூடாது என்று ஸ்பானிய வேதாகமத்தையே வைத்து வாசித்துவந்தார்கள். பிளெயின்ஸில் அவர்களுடைய மரனாதா பாப்டிஸ்ட் சபையில் உறுப்பினர்களே முறை வைத்து வளாகத்தைப் பராமரிப்பார்கள். முன்னாள் ஜனாதிபதி புல் வெட்டுவார். அவர் மனைவி கழிப்பறை கழுவுவார். இந்த ஒரு செய்தியைக் கேட்டவருக்கு, 'தாழ்மையுள்ளவர்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஆச்சி சபைக்கு என்ன செய்தார்? அப்பத்துக்கும் ரசத்துக்கும் உரிய பாத்திரங்களைக் கழுவித் துடைத்து வைத்தவர் அவர்தானா? பாய் விரித்தாரா? காணிக்கை எண்ணினாரா? அதை எழுதுங்கள்.

2. தேதிகளை வாய்ச் சொல்லாக வாங்காதீர்கள். ஆச்சியின் பழைய வேதாகமத்தைக் கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். முன்பக்க வெற்றுத்தாளில் பிள்ளைகள் பிறந்த நாள், நேரம், மாமியார் இறந்த நாள், வீடு பால் காய்ச்சிய நாள் எல்லாம் இருக்கும். சில இடத்தில் மை மாறியிருக்கும், சில இடத்தில் எழுத்தே மாறியிருக்கும். பிறந்து சில நாளில் தவறிய குழந்தையின் பெயரும் அங்கேதான் இருக்கும். அதை வீட்டில் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பெயரையும் குறிப்பில் சேருங்கள்.

3. பாப்டிஸ்ட் சபையார் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசத்தைத் தானே அறிக்கை செய்யும் வயது வந்த பிறகு, தண்ணீரில் முழுக்கித்தான் கொடுப்பார்கள். ஆகவே பிறந்த தேதி வேறு, ஞானஸ்நானத் தேதி வேறு. இரண்டுக்கும் நடுவில் அவர் எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. வேறு சபையிலிருந்து வந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ரோசலின் மெதடிஸ்டாகப் பிறந்தவர். கல்யாணம் நடந்ததே மெதடிஸ்ட் ஆலயத்தில்தான். பாப்டிஸ்ட் ஆனது அதற்குப் பிறகு.

4. அவருக்கு முன்னால் இருந்த பெண்களிலிருந்து தொடங்குங்கள். ரோசலினுக்கு 13 வயதில் அப்பா ரத்தப் புற்றுநோயில் இறந்தார். மெக்கானிக் வேலை பார்த்தவர். நாலு பிள்ளைகளோடு நின்ற அம்மா ஆலி, ஊராருக்குத் துணி தைத்துக் கொடுத்தும், பிறகு தபாலாபீஸில் வேலை பார்த்தும் வளர்த்தார். மூத்தவள் ரோசலின்; தையலில் கைகொடுத்தாள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டாள், அழகு நிலையத்தில் வாடிக்கையாளர்களுக்குத் தலை அலசிவிட்டாள். அப்பா படுக்கையில் கிடந்தபோது வந்து பணிவிடை செய்தவர் நர்ஸ் லிலியன் அம்மா. ரோசலின் பிறந்தபோது பிரசவம் பார்த்தவரும் அவரே. மறுநாள் மூணு வயசு நிரம்பாத தன் மகனைக் கூட்டிவந்து அந்தக் கைக்குழந்தையைக் காட்டினாராம். அந்தப் பையன்தான் ஜிம்மி. பிற்பாடு அதே லிலியன் மாமியாரானார். குடும்பத்தைப் பேணும் பழக்கம் ரோசலினுக்கு வானத்திலிருந்து இறங்கவில்லை. இந்த இரண்டு பெண்களையும் பார்த்து வளர்ந்தார். உங்கள் ஆச்சி யாரைப் பார்த்து வளர்ந்தார்?

5. அவர் 'மாட்டேன்' என்று சொன்ன இடங்களை விட்டுவிடாதீர்கள். இதில்தான் எல்லோரும் தயங்குகிறீர்கள். செத்தவரைப் பற்றிக் குறை சொன்னதாக ஆகுமோ என்று, எதற்கும் தலையாட்டிய பொம்மையாகப் பாட்டியை எழுதி வைத்துவிடுகிறீர்கள். குடும்பத்துக்காகவே வாழ்ந்தவருக்குச் சொந்த விருப்பம் இருந்திருக்காது என்று யார் சொன்னது?

கல்யாணத்துக்கு ஜிம்மி முதலில் கேட்டபோது ரோசலின் சம்மதிக்கவில்லை. கல்லூரிப் படிப்பை முடிப்பேன் என்று அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. பக்கத்து ஊரான அமெரிக்கஸில் இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுத்தான் 1946 ஜூலை 7-இல் கல்யாணம் செய்துகொண்டார். ஜிம்மி கடற்படை அதிகாரி. ஊர் ஊராகப் போய்த் தனிக்குடித்தனம் நடத்தி, மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்று, தன் வீட்டைத் தானே ஆளும் சுகத்தை அனுபவித்தார். 1953-இல் மாமனார் இறந்ததும், வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்புவது என்று ஜிம்மி தானாகவே முடிவு செய்தார். ரோசலினுக்குக் கோபமான கோபம். திரும்பிவரும் வழியெல்லாம் கணவனோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைப் பெரிய மகன் மூலம் சொன்னார். இதை அந்தக் குடும்பமே பின்னாளில் வெளியே சொல்லியிருக்கிறது. 1962-இல் மாநில செனட்டுக்குப் போட்டியிடவும் அவரைக் கேட்காமலே ஜிம்மி கிளம்பினார். அன்று காலை வேலைநாளில் ஞாயிற்றுக்கிழமைத் துணி போடுவதைப் பார்த்து, ஏதாவது அடக்கத்துக்கா போகிறீர்கள் என்று கேட்டுத்தான் ரோசலின் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். பிற்காலத்தில் ஜிம்மியே, அப்படி அவளைக் கேட்காமல் முடிவெடுத்தேனே என்று வியந்து வருந்தினார். 77 வருஷத் தாம்பத்தியம் இந்தக் கோபங்களையும் சேர்த்துத்தான். பேசாமல் இருந்த அந்தப் பயணத்தை எடுத்துவிட்டால், பிற்பாடு எந்தப் பெரிய முடிவிலும் அவரைக் கேட்காமல் ஜிம்மி நடக்காத நிலை எப்படி வந்தது என்று யாருக்கும் புரியாது.

6. பணத்தைப் பற்றி எழுதுங்கள். வீட்டுப் பெண்ணின் உழைப்பு கண்ணில் படாமல் போவது கணக்கில்தான். ஊர் திரும்பியதும் கார்ட்டர் குடும்பம் குடியேறியது அரசு வாடகைக் குடியிருப்பில். நிலக்கடலைக் கிடங்கு வியாபாரம். முதல் வருஷமே வறட்சி. லாபம் ஒரு குடும்பம் சாப்பிடக் காணாது. கிடங்கில் தொலைபேசியை எடுக்க ஆள் வேண்டும் என்று ரோசலின் போய் உட்கார்ந்தார். பிறகு ஒரு சிநேகிதியிடம் கணக்கியல் பாடப்புத்தகங்களை வாங்கிப் படித்து, பேரேடு எழுதத் தொடங்கினார். விதை, உரம், கடன், வரவு என்று எல்லாம் அவர் கையில். கொஞ்ச காலத்தில், எந்தப் பிரிவில் காசு நிற்கிறது, எதில் கரைகிறது என்று கணவனைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஜிம்மி அவரைக் கேட்டுத்தான் தொழிலை நடத்தினார். செனட்டுக்கு ஜிம்மி போனபின் கிடங்கை ஓட்டியது ரோசலின்.

நம் வீடுகளிலும் இதுதானே கதை. சீட்டுப் போட்டு மகளின் படிப்பை முடித்தவர், நகையை அடகு வைத்து மீட்டவர், மாட்டுப் பாலை அளந்து ஊற்றி நோட்டில் குறித்தவர் எல்லாம் குறிப்பில் 'இல்லத்தரசி' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். ஆச்சியின் பால் நோட்டு கிடைத்தால் அதிலிருந்து இரண்டு வரி எடுத்துப் போடுங்கள்.

7. சபையில் அவர் எந்தப் பக்கம் நின்றார்? பாப்டிஸ்ட் சபையில் மேலிருந்து உத்தரவு போட பிஷப் கிடையாது. உறுப்பினர்கள் கூடி வாக்களித்து முடிவெடுப்பார்கள். ஆகவே ஒவ்வொரு உறுப்பினருக்கும் மனசாட்சிக் கணக்கு ஒன்று இருக்கும். ஜார்ஜியாவில் நிறவெறி தலைவிரித்தாடிய காலம். வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தில் சேர மறுத்ததற்காகக் கார்ட்டர் கிடங்கை ஊரார் சிலர் புறக்கணித்தார்கள். 1965-இல் கறுப்பினத்தவரை ஆராதனைக்குள் விடக்கூடாது என்று பிளெயின்ஸ் பாப்டிஸ்ட் சபையில் தீர்மானம் வந்தது. ஆதரவாக 54 வாக்கு. எதிராக ஆறே ஆறு; பெரும்பாலும் கார்ட்டர் குடும்பத்தார், அதில் ரோசலினும் ஒருவர். மறுநாள் காலையில் அதே 54 பேரிடமும் அவர்கள் கடலை வாங்க வேண்டும், விற்க வேண்டும். பிள்ளைகள் அவர்கள் பிள்ளைகளோடுதான் பள்ளிக்குப் போக வேண்டும். இந்தப் பிரச்சினையிலேயே பிளவுபட்டு 1977-இல் வெளியேறியவர்கள் தொடங்கியதுதான் மரனாதா சபை. வாஷிங்டனிலிருந்து 1981-இல் திரும்பிய தம்பதி அதில் சேர்ந்தார்கள்.

இன்னொன்று. அமெரிக்காவின் மிகப்பெரிய பாப்டிஸ்ட் அமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று 1998-இலும், போதகர் பணி ஆண்களுக்கு மட்டுமே என்று 2000-இலும் தன் விசுவாச அறிக்கையில் எழுதியது. அதை ஏற்க முடியாது என்று 2000-இல் ஜிம்மி அந்த அமைப்போடு உறவை முறித்துக்கொண்டார். மரனாதாவில் ரோசலின் டீக்கனாகவே ஊழியம் செய்தார். பக்தியான மனைவி என்றால் வாய்திறவாத மனைவி என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பக்தியான மனைவியைக் காட்டுங்கள்.

8. வீட்டில் வேறு யார் கை இருந்தது என்றும் எழுதுங்கள். பெரிய குடும்பத்தைத் தனியாளாகத் தாங்கினார் என்று எழுதுவது பெரும்பாலும் உண்மையாக இருக்காது. ரோசலினின் கடைசிப் பிள்ளை ஏமி 1967-இல் பிறந்தாள். ஜிம்மி ஜார்ஜியா ஆளுநராக இருந்தபோது ஆளுநர் மாளிகையில் அவளை வளர்த்தவர் மேரி பிரின்ஸ் என்ற கறுப்பினப் பெண்; கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்ற கைதியாக அங்கே வேலைக்கு அனுப்பப்பட்டவர். அவர் குற்றமற்றவர் என்று ரோசலின் உறுதியாக நம்பினார். பரோல் வாரியத்துக்கு எழுதி, 1977-இல் வெள்ளை மாளிகைக்கே அழைத்துக்கொண்டார். வழக்கு மறுபடி ஆராயப்பட்டு மேரிக்கு முழு மன்னிப்பு கிடைத்தது. அதற்குப் பிறகும் அவர் கார்ட்டர் குடும்பத்தில் ஒருவராகவே பிளெயின்ஸில் வாழ்ந்தார். ரோசலின் பொது வேலைகளுக்குப் போக முடிந்ததில் மேரிக்கும் பங்கு உண்டு. உங்கள் ஆச்சி வீட்டில் பாத்திரம் தேய்த்தவர், குழந்தையைத் தூக்கிவைத்துச் சோறு ஊட்டியவர் யார்? அவர் பெயரை வாசிக்கும்போது அவரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

9. குடும்ப அன்பு வீட்டு வாசலோடு நின்றதா, தெருவில் இறங்கியதா என்று பாருங்கள். 1966-இல் ஜிம்மி ஆளுநர் தேர்தலில் நின்றபோது, பருத்தி மில் வாசலில் விடிகாலை நாலரை மணிக்கு ரோசலின் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். இரவு ஷிப்ட் முடித்து ஒரு பெண் வெளியே வந்தார். தலையெல்லாம் பஞ்சு. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்குவீர்களா என்று ரோசலின் கேட்டார். மனநோயாளியான மகள் வீட்டில் இருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் செலவுக்குப் பற்றாததால்தான் இரவு வேலைக்கு வருகிறேன் என்றார் அந்தப் பெண். அது ரோசலினை விடவில்லை. அன்றைக்கே ஜிம்மி பேச வந்த இடத்தில், வாக்காளர்களோடு வாக்காளராக வரிசையில் நின்று கணவன் கையைப் பிடித்து, நீங்கள் ஆளுநரானால் மனநோயாளிகளுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

அந்தத் தேர்தலில் தோல்வி. 1970-இல் வெற்றி. அடுத்த வருஷமே மாநில மனநலக் குழுவில் ரோசலின் இருந்தார். அட்லாண்டா மனநல மருத்துவமனையில் தன்னார்வலராக வேலை செய்தார். 1977-இல் ஜனாதிபதியின் மனநல ஆணையத்துக்குக் கௌரவத் தலைவர். 1979-இல் அமெரிக்க செனட் குழுமுன் சாட்சியம் அளித்தார். 1980-இல் மனநல அமைப்புகள் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே புதிய ஆட்சி அதன் பெரும்பகுதியைக் கைவிட்டது. அவர் விடவில்லை. 1987-இல் தான் படித்த அதே அமெரிக்கஸ் கல்லூரியில், நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்காக ஒரு நிறுவனம் தொடங்கினார். உலகத்தில் நாலு வகை மனிதர்தான் உண்டு என்பது அவர் அடிக்கடி சொன்னது: பிறரைப் பராமரித்தவர்கள், இப்போது பராமரிப்பவர்கள், இனிப் பராமரிக்கப்போகிறவர்கள், பராமரிப்புத் தேவைப்படப்போகிறவர்கள். அப்பாவின் படுக்கை அருகே நின்ற 13 வயதுப் பெண்ணின் அனுபவம் இதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். குடும்பப் பற்று இப்படிக் கனிய வேண்டும். தன் பிள்ளைக்குப் பார்த்தவர் அடுத்தவர் பிள்ளைக்கும் பார்த்த சம்பவம் ஒன்றாவது உங்கள் ஆச்சி வாழ்க்கையில் இருக்கும், தேடிக் கண்டுபிடியுங்கள். தெருக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

10. ஒரே சம்பவத்தைப் பெரியப்பா ஒரு மாதிரியும் அத்தை ஒரு மாதிரியும் சொன்னால் நீதிபதி ஆகாதீர்கள். 1987-இல் ரோசலினும் ஜிம்மியும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். நினைவுகள் ஒத்துப்போகாமல் சண்டை முற்றி, பேசிக்கொள்வதையே நிறுத்தும் அளவுக்குப் போய்விட்டது. கடைசியில் பதிப்பாசிரியர் வழி சொன்னார்: ஒத்துக்கொள்ளாத பத்திகளை அவரவர் தனியாக எழுதி, முன்னால் ஜே, ஆர் என்று முதலெழுத்தைப் போட்டுவிடுங்கள். புத்தகம் வந்தது, மணவாழ்க்கையும் தப்பியது. நீங்களும் இரண்டையும் போட்டு, யார் சொன்னது என்று குறியுங்கள்.

11. சந்ததிக் கணக்கை இரண்டு பேரிடம் சரிபாருங்கள். ரோசலினின் மறைவுச் செய்தியில் நாலு பிள்ளைகள், 11 பேரப்பிள்ளைகள், 14 கொள்ளுப்பேரர்கள் என்று சொல்லிவிட்டு, 2015-இல் இறந்த ஒரு பேரனையும் மறக்காமல் சேர்த்திருந்தார்கள். வெளியூரில் இருப்பதாலோ, கலப்புக் கல்யாணம் செய்துகொண்டதாலோ ஒரு பேரை விட்டுவிடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆச்சி விட்டிருக்க மாட்டார்.

12. இது உங்களில் பலருக்கு இன்னும் காலம் கடக்காத வேலை. 2023 மே மாதம் ரோசலினுக்கு மறதி நோய் என்று குடும்பத்தார் அறிவித்தார்கள், நவம்பரில் போய்விட்டார். வீட்டு வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். மறதி வருவதற்கு வெகு காலம் முன்பே, 1984-இல், அவர் தன் கதையைத் தானே எழுதி வைத்துவிட்டார். அதனால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. உங்கள் ஆச்சி தன் கதையை அப்படி எழுதி வைத்திருக்க மாட்டார். அவர் இன்னும் இருக்கிறார், பேசுகிறார் என்றால், இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். முதல் கேள்வியாக, கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் என்ன ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள் ஆச்சி என்று கேளுங்கள். சொல்வதை அவர் பேச்சு வழக்கிலேயே எழுதிக்கொண்டு என்னிடம் வாருங்கள். மற்றதைச் சேர்ந்து பார்ப்போம்.